இரண்டு ராகு காலம்

என் தம்பி பிறந்த வெள்ளிக்கிழமையன்று எங்கள் வீட்டில் இரண்டு ராகு காலங்கள் இருந்தன. ஒன்று நாள்காட்டியில் அச்சாகி வந்தது. மற்றொன்றை மாமா தன் வாயாலேயே உண்டாக்கினார். முதலாவதை ஒழித்துக்கட்டத்தான் இரண்டாவதை உண்டாக்கினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த வயதிலும் அவர் என்னிடம் கோபித்துக்கொள்வார்.

சுங்காயிலிருந்து உள்ளே பிரியும் செம்மண் சாலையின் கோடியில், செம்பனைக் காட்டுக்கு நடுவே தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயம் இருந்தது. முன்பு அது ரப்பர்த் தோட்டம். எனக்கு நினைவு தெரிந்தபோது பால்மரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை, ஆட்களும் பாதிப்பேர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டிருந்தார்கள். தோட்டத்துக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இருந்ததாகச் சொல்வார்கள். அந்தக் கட்டடம் அப்போதும் நின்றது. உள்ளே உர மூட்டைகள் மழை படாமல், வெயில் படாமல் சுகமாகப் படுத்திருந்தன. மனிதர்களுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் டவுனில் உள்ள கிளினிக்குக்குப் போக வேண்டும், அதற்கும் மிஞ்சினால் ஈப்போ. தோட்டத்துக்குள் வந்துகொண்டிருந்த பஸ் எப்போதோ நின்றுவிட்டது.

அப்பாவுக்குக் கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவார், ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவார். மற்ற நாட்களில் வீட்டை ஆண்டது அத்தை. அப்பாவின் அக்கா, அம்மாவுக்கு அண்ணி. கணவர் போனபின் எங்களோடு வந்து இருந்தவர். நல்ல உயரம், நல்ல குரல், நாள்காட்டியில் அசைக்க முடியாத நம்பிக்கை. எதற்கும் நேரம் பார்ப்பார். எனக்குப் பால்பல் ஆடியபோது, நல்ல நேரம் வரும்வரை அதைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். பல்லுக்கு அது தெரியாமல் ராகு காலத்தில் தானாகவே விழுந்துவிட்டது. அன்று முழுக்க அத்தை என்னைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அத்தையின் சட்டப் புத்தகத்தில் ஒரு சலுகையும் இருந்தது. அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். ஞாயிறு மாலை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். அப்பாவுக்கோ ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் டவுனில் பஸ் கிடைக்கும். அதனால் அத்தை மதியமே, நல்ல நேரத்தில், அப்பாவின் பையை எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார். பை வாசல் தாண்டிவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதற்கப்புறம் ஆள் எந்த நேரத்தில் போனாலும் ராகு ஒன்றும் கேட்கமாட்டார். ராகுவுக்கு இவ்வளவு பெருந்தன்மை இருக்கும்போது எதற்காக அவரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றும். கேட்டதில்லை.

தம்பி பிறந்த வருடக் கடைசியில் அம்மா நிறைமாதம். கிளினிக்கில் இருந்த மலாய்க்கார மிஸ்ஸிக்கு, அதாவது நர்ஸுக்கு, அம்மாவைப் பார்த்தாலே முகம் மாறும். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, கால் வீங்கியிருக்கிறது, வலி வரும்வரை வீட்டில் உட்கார்ந்திருக்காதே, முன்னதாகவே ஈப்போவில் போய்ப் படுத்துவிடு என்று சொல்லியிருந்தார். தலை வலித்தாலோ கண் மங்கினாலோ அந்த நிமிடமே புறப்பட வேண்டும் என்றும் சொன்னார். இதை அம்மாவுக்கு மலாயில் ஒருமுறை, எனக்குக் கைச்சாடையில் ஒருமுறை. சாடையில் மிஸ்ஸி கண்ணை மூடி, தலையைப் பிடித்து, பிறகு கையால் விமானம்போல் ஒன்று பறக்கவிட்டார். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, வீட்டுக்கு வந்து பல தடவை செய்து காட்டினேன்.

அம்மா போகத்தான் நினைத்தார். ஆனால் அப்பாவுக்கு லீவு வேண்டும், எனக்குச் சோறு போட ஆள் வேண்டும், வாரநாளில் வண்டி வேண்டும். அப்பா வெள்ளிக்கிழமை வரட்டும், சனிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்துப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று பெரியவர்கள் எல்லாரும் பேசி முடித்தார்கள். வயிற்றுக்குள் இருந்தவனை மட்டும் யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து தூறல். பள்ளி விடுமுறை. அம்மா காலையிலிருந்தே நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து மணி தாண்டியதும் இடுப்பில் வலி எடுத்தது. அத்தை அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே என்னிடம், "பாப்பா, ஓடிப்போய் ஒங்க மாமனக் கூப்புடு" என்றார்.

மாமா அம்மாவின் தம்பி. ஒரு பழைய வேனில் காய்கறி ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாக விற்பவர், பேச்சுக்குப் பேச்சு ‘லா’ சேர்ப்பவர். வெள்ளிக்கிழமை எங்கள் லயத்து முறை. அதைவிட நல்ல காலம் வேறென்ன வேண்டும். நான் போனபோது லயத்தின் மறுகோடியில் யாருக்கோ பயற்றங்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தராசை அப்படியே போட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஓடினார். எங்கள் தோட்டத்தில் கைப்பேசிக்கு உயிர் வருகிற ஒரே இடம் அதுதான். கிளினிக்குக்குப் போன் பேசிவிட்டு இறங்கி வந்தார். ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு ஈப்போவுக்குப் போயிருக்கிறது, திரும்பி வந்து மறுபடி தோட்டத்துக்குள் வர நேரம் பிடிக்கும், வண்டி இருந்தால் உடனே கொண்டுவந்துவிடுங்கள் என்றார்களாம்.

வேனை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தும்போது சுவர்க்கடிகாரம் பத்தரையைத் தொட்டிருந்தது.

அத்தை வாசற்படியில் நின்றார். "பத்தர ஆயிருச்சுடா தம்பி. பன்னெண்டு மணி வரைக்கும் ராகு காலம். இவ ரெட்டை உயிரு. இந்த நேரத்துல வாசலத் தாண்ட விடமாட்டேன்."

மாமா ஒரு நிமிடம் அத்தையைப் பார்த்தார், ஒரு நிமிடம் அம்மாவைப் பார்த்தார். அவருக்குச் சண்டை போட வராது. எதையும் கிண்டல் பண்ணித்தான் ஜெயிப்பார். நேராகப் போய்ச் சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"அண்ணி, இது எங்க அடிச்சது? கீழ பாருங்க, சிவகாசி."

"அதுக்கு என்னா?"

"இதுல போட்டிருக்கிறது இந்தியா நேரம் லா. அங்க இப்ப மணி எட்டு. ராகு இன்னும் பல்லே வெளக்கியிருக்காது. அது அங்க கெளம்பி நம்ம ஊருக்கு வந்து சேர மத்தியானம் ஒரு மணி ஆவும். அதுக்குள்ள நாம ஈப்போ போயிடலாம்."

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. ராகு பல் விளக்குவதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். அத்தையும் யோசித்தார். அவர் விரல்விட்டு எண்ணுவது தெரிந்தது. மாமா ஜெயித்துவிட்டதாக நினைத்து அம்மாவின் பையைத் தூக்கினார்.

"அப்படின்னா ஒரு மணிலேர்ந்து ரெண்டர வரைக்கும் இங்க ராகு காலம்" என்றார் அத்தை.

"அதான் லா சொல்றேன்."

"எங்க காலத்துலேர்ந்து பத்தர டு பன்னெண்டுனுதான் பாத்துட்டு வாரோம். அதையும் தள்ள முடியாது. இது முடிஞ்சு பன்னெண்டுக்குக் கெளம்புனா வழியிலயே அது வந்துரும். ரெண்டையும் விட்டுட்டு, ரெண்டரைக்கு மேல போலாம்."

மாமா பையைக் கீழே வைத்தார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி விழிப்பதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒன்றரை மணி நேரத்தை இல்லாமல் பண்ணப்போய், நான்கு மணி நேரத்தை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். சிவகாசியைப் பற்றி வாயைத் திறந்திருக்கவே வேண்டாம்.

அப்போது அம்மா பேசினார். காலையிலிருந்து அவர் பேசியதே குறைவு. "அண்ணி, நாள்காட்டி எங்க? செவுத்துல காணமே. செவுரும் சரியா தெரியல" என்றார்.

நாள்காட்டி மாமாவின் கையில், அம்மாவின் முகத்துக்கு நேரே இருந்தது. அம்மாவும் மாமாவைப்போலத் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. மாமாவின் முகத்திலிருந்து விளையாட்டு போய்விட்டது. அத்தை அம்மாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "என்னைத் தெரியுதா புள்ள?" என்று கேட்டார். "நெழலா தெரியுறீங்க" என்றார் அம்மா. நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன். மிஸ்ஸி மூடிக்காட்டிய கண் எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. விமானம்போல் கையைப் பறக்கவிட்டுக் காட்டினேன், யாரும் கவனிக்கவில்லை.

மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு திடீரென்று, "அண்ணி, நாம ஏன் லா யோசிக்கிறோம்? அக்கா காலையிலயே கெளம்பியாச்சே" என்றார்.

"என்னாடா சொல்ற?"

"பரஸ்தானம் அண்ணி. ஒம்பதரைக்கு நல்ல நேரத்துல அக்கா சேலை என் வேன்ல ஏறிருச்சு. டெய்லர்கிட்ட குடுக்கச் சொல்லி. அந்தப் பச்சை சேலை."

இங்கே ஒரு சிக்கல் இருந்தது. அந்தப் பச்சைச் சேலை எங்கள் வீட்டுக் கூரை இறவாரத்துக்குக் கீழே, கொடியில், எல்லார் கண்ணுக்கும் எதிரே நீர் சொட்டிக்கொண்டு தொங்கியது. மாமாவுக்கு அவசரத்தில் கண்ணில் பட்டது அது ஒன்றுதான், அதையே சொல்லிவிட்டார். அத்தையோ அதைப் பார்த்த முகமாகத்தான் நின்றிருந்தார். கைக்கெட்டும் தூரம்.

அத்தை கொடியைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு நிதானமாக, "ஆமா. நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றார். "மறந்தே போயிட்டேன் பாரு."

மாமாவின் வாய் திறந்தபடியே நின்றது. அடுத்த பொய்யை வைத்துக்கொண்டு காத்திருந்தவருக்கு, அது தேவைப்படாமல் போனதில் பெரிய குழப்பம். நானோ சேலை இங்கேதானே இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை என் கையில் சுடுதண்ணீர்ப் போத்தலைத் திணித்து, "நீ போயி வேன்ல ஏறு" என்றார். பாவம், அத்தைக்குக் கண்ணும் போய் ஞாபகமும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

அம்மாவை முட்டைக்கோஸ் சாக்குகள் மேல் மெத்தை விரித்துப் படுக்கவைத்தோம். ஒரு பக்கம் கருவாட்டுக் கூடை, ஒரு பக்கம் கீரைக் கட்டுகள். வேனின் பின்கதவு பூட்டாது. கயிற்றால் கட்டி, கயிற்றின் நுனியை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். அத்தை அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு முருகனை ஒவ்வொரு கோயில் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமா பள்ளம் வரும்போதெல்லாம் "அக்கா, பள்ளம்" என்று முன்கூட்டியே அறிவித்தார். அந்தச் சாலையில் பள்ளமில்லாத இடத்தை அறிவித்திருந்தால் அவருக்கு வேலை குறைந்திருக்கும்.

தோட்டத்து எல்லையில் கேட். செம்பனைப் பழம் திருடு போகிறது என்று அந்த வருடம்தான் இரும்புக் கேட் போட்டுச் சங்கிலி கட்டியிருந்தார்கள். சாவி ஜாகா என்கிற காவல்காரரிடம். எங்கள் ஜாகா ஒரு மலாய்க்காரப் பெரியவர். அந்த நேரத்தில் மோட்டாரில் காட்டைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார். அது அவர் வேலை, குறை சொல்வதற்கில்லை. மாமா ஹாரனை அழுத்தினார். காடு முழுக்கக் கேட்டது, ஜாகாவைத் தவிர எல்லாருக்கும். களைக்கொல்லி அடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் மட்டும் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. அத்தை இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் "ம்" என்றார்.

மாமா இறங்கிப்போய்ப் பூட்டைத் தொடவே இல்லை. நேராகக் கேட்டின் மறுபக்கத்துக்கு, கீல் இருந்த தூணுக்குப் போனார். "இங்கேர்ந்து தூக்குனா கழண்டு வரும் லா. கீலுக்கு மேல தடுப்புக் கம்பி வைக்காம விட்டுட்டாங்க" என்றார்.

"இது ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று அத்தை வேனுக்குள்ளிருந்து கேட்டார்.

"கேள்விப்பட்டேன்" என்றார் மாமா.

அதற்கு மேல் விசாரணை நடக்கவில்லை. அத்தை அம்மாவின் தலையை என் மடிக்கு மாற்றிவிட்டு இறங்கினார். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, தூணோரம் போய்க் குனிந்து கேட்டைப் பிடித்தார். மருந்தடித்த பெண்கள் இருவரும் கை கொடுத்தார்கள். முதல் தடவை அசையவில்லை. இரண்டாவது தடவை அத்தை என்னவோ ஒரு சத்தம் போட்டார். முருகன் பெயர் மாதிரியும் இருந்தது, கெட்ட வார்த்தை மாதிரியும் இருந்தது. கேட் கழன்று வந்தது. எல்லாருமாகத் தூக்கி ஓரமாகச் சாய்த்தார்கள். சங்கிலியும் பூட்டும் அப்படியே, தங்கள் கடமையில் தவறாமல், மறுபக்கத் தூணில் தொங்கின.

அந்த நேரம் பார்த்து ஜாகா மோட்டாரில் வந்து நின்றார். சாய்ந்து கிடந்த கேட்டைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். அவர் எதையோ கேட்க ஆரம்பிப்பதற்குள் அத்தை தனக்குத் தெரிந்த மலாயில், வயிற்றைக் காட்டி, கண்ணைக் காட்டி, வேனைக் காட்டினார். ஜாகா எட்டிப் பார்த்தார். உடனே மோட்டாரைத் திருப்பி எங்களுக்கு முன்னால் விட்டார். டவுன் வரைக்கும் ஹாரனை அழுத்திக்கொண்டே போய் லோரிகளை ஒதுக்கினார். பிரதமரே எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தாலும் இவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது. காய்கறி வேனில் அப்படிப் போன ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்.

கிளினிக்கில் மிஸ்ஸி வாசலிலேயே நின்றிருந்தார். அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார், அடுத்த நிமிடம் ஓர் ஊசி போட்டார். அம்மாவின் தலைமுடியிலிருந்து கீரைத் தண்டு ஒன்றை உருவி என் கையில் கொடுத்தார். ஆம்புலன்ஸ் அதற்குள் திரும்பியிருந்தது. அம்மாவையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் பறந்தது. நானும் மாமாவும் வேனில் பின்னால் போனோம். வழியெல்லாம் மாமா ஒரு கிண்டல்கூடப் பண்ணவில்லை. கார்களைப் பார்த்து நான் நிறம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் இரண்டு மணிக்குச் சற்று முன்னால், ஆப்பரேஷன் பண்ணித் தம்பியை எடுத்தார்கள். சின்னதாக, சுருங்கி, ஆனால் நல்ல குரலோடு இருந்தான். அம்மா பிழைத்துவிட்டார் என்று டாக்டர் வந்து சொன்னபோது மாமா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்தபோது பழைய மாமா வந்திருந்தார்.

"அண்ணி, கணக்குப் பாத்தீங்களா? பையன் இந்தியா ராகு காலத்துலதானே பொறந்திருக்கான்."

அத்தை ஒரு கணமும் தயங்கவில்லை. "பொறந்தது மலேசியாவுல. மலேசியா நேரந்தான் கணக்கு" என்றார்.

இப்படியாக அந்த இரண்டாவது ராகு காலம், பிறந்த அன்றே ஒழிந்தது. அப்பா சாயங்காலம் தோட்டத்துக்குப் போய், பூட்டிய வீட்டையும் கழன்ற கேட்டையும் பார்த்துப் பதறி, ஜாகாவிடம் விவரம் கேட்டு, இருட்டிய பிறகு ஈப்போ வந்து சேர்ந்தார். பச்சைச் சேலை கொடியிலேயே கிடந்து மறுபடி நனைந்தது.

அத்தையை ஏமாற்றிவிட்டோம் என்ற பெருமை எனக்கும் மாமாவுக்கும் வெகுகாலம் இருந்தது. தீபாவளிக்கு மாமா வரும்போதெல்லாம் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "பச்சை சேலை டெய்லர்கிட்டேர்ந்து வந்துருச்சா?" என்று கேட்பார். நாங்கள் இருவரும் சிரிப்போம். அத்தையும் என்ன ஏது என்று கேட்காமல் கூடச் சிரிப்பார்.

போன வருடம் எனக்கு நிறைமாதமானபோது அத்தை ஈப்போவில் என் வீட்டில் வந்து தங்கினார். ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம். ஒரு மத்தியானம் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"அத்தே, அன்னைக்கு அந்தச் சேலை கொடியிலதான் தொங்குச்சு. நீங்க கவனிக்கல."

"தெரியும். நான்தானே தொவைச்சுப் போட்டேன்" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். கல்யாணமான புதிதில், லூமுட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், அவருக்கும் ஒரு பிள்ளை வயிற்றில் இருந்தது. வலி எடுத்ததும் லோரி வாசலுக்கு வந்துவிட்டது. நேரம் சரியில்லை, கழியட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் உட்காரவைத்தார்கள். லோரி ஓட்டுகிறவர் இஞ்சினை அணைக்காமல், ஒன்றும் சொல்லத் தெரியாமல், பார்த்துக்கொண்டே இருந்தாராம். நல்ல நேரம் பிறந்த பிறகு புறப்பட்டார்கள். பிள்ளை வழியில் பிறந்தது. அழவில்லை.

"அப்புறமும் ஏன் அத்தே அம்மாவ நிறுத்துனீங்க?" என்று கேட்டேன்.

"நேரத்த மீறி அனுப்பி அவளுக்கு ஒன்னு ஆயிருந்தா எந்தம்பி, ஒங்கப்பன் மூஞ்சில நான் முழிக்க முடியுமா? அனுப்பாம ஒன்னு ஆயிருந்தாலும் அதேதான். கெளம்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அப்பதான் ஒங்க மாமன் கூசாம அந்தப் பொய்யச் சொன்னான்."

துணியை மடித்து மேலே வைத்து, இல்லாத சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டார்.

"எனக்கு அன்னைக்கு அப்படி ஒரு பொய் சொல்ல ஆள் இல்லாம போச்சு பாப்பா" என்றார்.